லீவரா, நாபா, பட்டனா, திரையா: ஃபோர் வீல் டிரைவை மாற்ற எதை வைக்கலாம்?

ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வடிவமைக்கும்போது இன்ஜின், சஸ்பென்ஷன், டயர் எல்லாம் முடிவான பிறகும் ஒரு கேள்வி இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு சக்கரம் மட்டும் தள்ளும் 2எச்சிலிருந்து நான்கும் தள்ளும் 4எச்சுக்கும், அங்கிருந்து வேகம் குறைந்து இழுவை கூடும் 4எல்லுக்கும் டிரைவர் எதைப் பிடித்து மாற்றுவது? தரையிலிருந்து எழும்பும் லீவரா, திருகும் நாபா, வரிசையாகப் பட்டன்களா, இல்லை டச் ஸ்கிரீனில் ஒரு படமா? செலவுக் கணக்கில் இது சின்ன வரிதான். வண்டியை வாங்குபவர் பத்துப் பதினைந்து வருடம் அதைத் தொட்டுக்கொண்டே இருப்பார் என்பதால் நான் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ணை எடுக்காமல் கையால் தொட்டாலே வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதைத் தரக்கூடிய பொருள் எதுவோ அதுதான் சரி. ஒவ்வொன்றையும் இந்த அளவுகோலால்தான் பார்க்கப் போகிறேன்.

முதலில், தப்பான நிலையில் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிடலாம். மஹிந்திரா தார், சுஸுகி ஜிம்னி போன்றவற்றில் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். சாதாரண ரோட்டில் 2எச், பின் சக்கரங்கள் மட்டும் தள்ளும். சேறு, மணல் என்றால் 4எச். செங்குத்தான ஏற்றம், பாறை என்றால் 4எல், அதாவது லோ ரேஞ்ச். 4எல்லில், இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டிக்குள் இன்னொரு பல்சக்கரத் தொகுதி சேர்ந்து இழுவையைப் பெருக்கும். ஜிம்னியில் சுமார் 2 மடங்கு, தாரில் சுமார் 2.5 மடங்கு, ஜீப் ராங்ளர் ரூபிகானில் 4 மடங்கு.

இந்த வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல், அதாவது இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. 4எச்சில் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆக வேண்டும். ஆனால் வளைவில் முன் சக்கரங்கள் போகும் பாதை பின் சக்கரங்களின் பாதையைவிட நீளம். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது. பெட்ரோல் பங்க்கில் முழு ஸ்டியரிங் ஒடித்துத் திருப்பும்போது வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோல முரண்டு பிடிக்கும், டயர் தரையில் உரசும், அந்த முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸின் செயின் மீதும் ஷாஃப்ட்டுகள் மீதும் ஏறும். இறக்கத்திலும் ஏற்றத்திலும் தப்பு நிலையின் விலை இன்னும் அதிகம். ஆக, "இப்போது எதில் இருக்கிறேன்?" என்ற கேள்விக்குச் சந்தேகம் இல்லாத பதில் டிரைவருக்கு எந்நேரமும் கிடைக்க வேண்டும்.

லீவர்

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் தரையில் மூன்று லீவர்கள் இருந்தன. ஒன்று கியருக்கு, ஒன்று முன் அச்சைச் சேர்க்க, ஒன்று ஹை, லோ மாற்ற. பழகாதவர்களுக்குக் குழப்பம்தான். ஆனால் மூன்றும் இருக்கும் இடத்தை வைத்தே வண்டியின் நிலையைச் சொல்லிவிடலாம். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் இதை ஒரே லீவருக்குள் கொண்டுவந்தது: முன்னும் பின்னும் நகர்த்தினால் ஹை, லோ, பக்கவாட்டில் தள்ளினால் நடு டிஃபரன்ஷியல் பூட்டு, அதாவது இரண்டு அச்சும் ஒன்றாகச் சுற்றும். இரண்டு வேறு வேலைகளுக்கு இரண்டு வேறு திசைகள். இதைவிடத் தெளிவாக ஒரு கைப்பிடியை அமைப்பது கஷ்டம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

லீவருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் கம்பியோ கேபிளோதான். அதனால் உள்ளே நடப்பது கைக்கு வந்து சேரும். 4எல் போடுகிற நேரத்தைப் பாருங்கள். வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து லீவரை இழுத்தால் சில சமயம் பாதியிலேயே முட்டும். உள்ளே பற்கள் நேருக்கு நேர் நிற்கின்றன என்று அர்த்தம். வண்டியை ஒரு அடி உருட்டிவிட்டு மறுபடி இழுத்தால் 'டக்' என்று போய் உட்காரும். அந்த முட்டலும் அந்த 'டக்'கும் எந்த விளக்கும் தர முடியாத தகவல். விழுந்துவிட்டதா இல்லையா என்று மீட்டரைப் பார்க்கத் தேவையே இல்லை.

குறைகளும் நிஜமானவை. தரையில் ஓட்டை போட வேண்டும். அது வழியாகச் சத்தம், சூடு, அதிர்வு எல்லாம் உள்ளே வரும். முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள கன்சோலில் இடம் போகும். இடது ஸ்டியரிங் நாடுகளுக்கும் வலது ஸ்டியரிங் நாடுகளுக்கும் ஒரே வண்டியை விற்க வேண்டுமென்றால், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒரு பக்கம் இருக்க டிரைவர் மறுபக்கம் உட்காருவார். இணைப்புக் கம்பிகளை வளைத்து நெளித்துக் கொண்டுபோக வேண்டியிருக்கும். இணைப்பில் இருக்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்தால் லீவர் ஆடும், முழுசாக விழாது. புதிதாக ஓட்டுபவர்கள் பயந்து பயந்து இழுத்துப் பாதியில் விட்டுவிடுவார்கள். இன்னொன்று, வெறும் லீவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாது. ஓடுகிற வண்டியில் ஒருவர் 4எல்லுக்கு இழுத்தால் பற்கள் அரைபடும் சத்தம் மட்டும்தான் எச்சரிக்கை.

இவ்வளவு குறை இருந்தும் சுஸுகி செய்ததைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் தலைமுறை ஜிம்னி 1998-ல் லீவரோடு வந்தது. 2000-களின் நடுவில் அதை எடுத்துவிட்டுப் பட்டன் வைத்தார்கள். 2018-ல் நான்காம் தலைமுறை வந்தபோது லீவர் திரும்பி வந்துவிட்டது. அந்த வண்டியை வாங்குபவர்கள் காட்டுக்கும் மலைக்கும் நிஜமாகவே போகிறவர்கள். அவர்களுக்குக் கன்சோலில் மிச்சமாகும் இடத்தைவிடக் கைக்குக் கிடைக்கும் உறுதிதான் பெரிது.

நாப்

டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் ஒரு மின் மோட்டாரை வைத்த உடனே எல்லாம் மாறிவிடுகிறது. டிரைவர் தொடுவது இனி வெறும் ஸ்விட்ச். அதை எங்கேயும் வைக்கலாம், எந்த வடிவத்திலும் செய்யலாம். இந்தச் சுதந்திரத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் நல்ல வடிவமைப்பும் மோசமான வடிவமைப்பும் பிரிகின்றன.

டொயோட்டா 2016-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஃபார்ச்சூனரில் திருகும் நாப் வைத்தது. மூன்று நிலைகள், ஒவ்வொன்றிலும் அழுத்தமாக ஒரு தடை. 4எச்சிலிருந்து 4எல்லுக்குப் போக நாபை உள்ளே அழுத்தித் திருக வேண்டும். கை தவறி யாரும் 4எல்லுக்குப் போக முடியாது. எளிமையான, மலிவான, சரியான பாதுகாப்பு. மின்சாரம் நடுவில் இருப்பதால் கம்ப்யூட்டர் வேகத்தைப் பார்த்து மறுக்கவும் முடியும். லீவரால் முடியாத வேலை இது.

நாப் விஷயத்தில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திருகிய இடத்திலேயே நிற்பது ஒன்று. திருகி விட்டதும் நடுவுக்குத் திரும்பிவிடுவது இன்னொன்று. வீட்டில் பழைய ஃபேன் ரெகுலேட்டரை இருட்டில் தடவினாலே எந்த வேகத்தில் இருக்கிறது என்று தெரியும். ரிமோட் வைத்த ஃபேனில் அது தெரியாது, பட்டனை அழுத்திப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வண்டிக்கு ரெகுலேட்டர் வகைதான் வேண்டும்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. நின்ற இடத்தில் நிற்கும் நாப் காட்டுவது டிரைவர் கேட்டதை. டிரான்ஸ்ஃபர் கேஸ் நிஜத்தில் எதில் இருக்கிறது என்பது வேறு. 4எல்லுக்குத் திருகியாயிற்று, பற்கள் சேரவில்லை, அல்லது வண்டி முழுசாக நிற்கவில்லை. நாப் 4எல்லைக் காட்டுகிறது. வண்டி 4எச்சில் இருக்கிறது. மீட்டரில் விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. டிரைவர் அந்தச் சிமிட்டலைக் கவனிக்காமல் கொஞ்ச தூரம் போய், அடுத்த இடத்தில் நிறுத்தி நியூட்ரலுக்கு மாற்றுகிறார். அப்போது பழைய கோரிக்கை உயிர் பெற்று வண்டி தானாக 4எல்லுக்குப் போனால்? அவர் மறந்தே போயிருப்பார். அதனால் நிறைவேறாத கோரிக்கை சில நொடிகளில் காலாவதியாக வேண்டும். ஒரு சத்தம் வர வேண்டும். மீட்டரில் வெறும் சிமிட்டலுக்குப் பதிலாக "வண்டியை நிறுத்தவும், நியூட்ரலில் போடவும்" என்று என்ன செய்ய வேண்டும் என்பதே எழுத்தில் வர வேண்டும். மறுபடி வேண்டுமென்றால் நாபைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு மீண்டும் திருகச் சொல்லலாம். மென்பொருளில் இது அதிக வேலை இல்லை. இந்த இடத்தைச் சரியாகச் செய்தால் நாப் லீவருக்கு மிக அருகில் வந்துவிடும்.

மோட்டார் வகைக்குப் பராமரிப்புக் கணக்கும் உண்டு. பயன்படுத்தாமலே விட்டால் உள்ளே இறுகிப் போகலாம். டொயோட்டாவின் கையேடுகளே மாதம் குறைந்தது 16 கி.மீ. ஃபோர் வீல் டிரைவில் ஓட்டச் சொல்கின்றன. முன்பக்கப் பாகங்களுக்கு எண்ணெய் போய்ச் சேர அது தேவை. மின்சாரப் பலகையிலும் கோளாறு வரலாம். 2005 முதல் 2010 வரையிலான ஜீப் கிராண்ட் செரோக்கீயும் கமாண்டரும் 2013-ல் திரும்ப அழைக்கப்பட்டன, உலகம் முழுவதும் 4 லட்சத்துக்கும் மேல். கட்டுப்பாட்டுப் பலகை தப்பான சிக்னல் அனுப்பி டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்குத் தள்ளக்கூடும் என்பது காரணம். கைப்பிடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குப் பின்னால் இருக்கும் கம்பிகளும் சில்லுகளும் அதே தரத்தில் இருக்க வேண்டும்.

பட்டனும், திரும்பிக்கொள்ளும் லீவரும்

பட்டன் வைக்கும் ஆசை பழையது. கிரைஸ்லர் 1956 மாடலிலிருந்து 1964 வரை ஆட்டோமேட்டிக் கியருக்கு டேஷ்போர்டில் பட்டன்கள் வைத்தது. அழுத்திய பட்டன் உள்ளேயே நிற்கும், பின்னால் கேபிள். அதனால் அது ஓரளவு ஒழுங்காக வேலை செய்தது. அதைப் பார்த்து ஃபோர்டின் எட்செல் 1958-ல் ஸ்டியரிங்கின் நடுவிலேயே பட்டன்களைக் கொண்டுபோய் வைத்தது. பொதுவாக ஹாரன் இருக்கும் இடம் அது. பதற்றத்தில் கை தானாகப் போகும் இடத்தில் கியரை வைக்கலாமா? அடுத்த வருடமே அது போய்விட்டது.

அறுபது வருடம் கழித்தும் இதே வகைத் தப்பு திரும்ப வந்தது. 2015 லிங்கன் எம்கேசி காரில் கியர் பட்டன்கள் திரைக்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக வரிசையாக இருந்தன. கடைசியில் 'ஸ்போர்ட்' பட்டன், அதற்கு அடியில் இன்ஜினை நிறுத்தும் பட்டன். ஓடும்போது விரல் ஒரு பட்டன் கீழே போனால் இன்ஜின் அணைந்துவிடும். 2014-ல் 13,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்து, இன்ஜின் பட்டனை வரிசையின் உச்சிக்கு மாற்றினார்கள். ஒரே உயரம், ஒரே வழவழப்பு, ஒரே அழுத்தம் உள்ள பட்டன்களை அடுக்கினால் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. கல் ரோட்டில் கை ஆடும்போது கேட்கவே வேண்டாம். ஃபோர் வீல் டிரைவுக்குப் பட்டன்தான் என்று முடிவாகிவிட்டால் 4எல் பட்டன் தனி இடத்தில், தனி வடிவத்தில், மூடியோடோ அழுத்திப் பிடித்தால் மட்டும் வேலை செய்வதாகவோ இருக்கட்டும்.

பார்ப்பதற்கு லீவர் மாதிரியே இருந்து ஸ்விட்ச் போல நடந்துகொள்வதுதான் எனக்கு எல்லாவற்றிலும் ஆபத்தாகப் படுகிறது. 2014, 2015 கிராண்ட் செரோக்கீயிலும் அந்தக் காலத்து டாட்ஜ் சார்ஜர், கிரைஸ்லர் 300 கார்களிலும் இருந்த ஆட்டோமேட்டிக் கியர் லீவர் அப்படிப்பட்டது. எந்தப் பக்கம் தள்ளினாலும் கையை எடுத்ததும் நடுவுக்கு வந்துவிடும். முன்னோக்கி ஓடும் 'டி'யிலிருந்து, வண்டியை நகராமல் பூட்டும் 'பார்க்'குக்குப் போக முழுசாக முன்னால் தள்ள வேண்டும். கொஞ்சம் குறைவாகத் தள்ளினால் ரிவர்ஸிலோ நியூட்ரலிலோ நின்றுவிடும். இரண்டு சந்தர்ப்பத்திலும் லீவர் அதே நடு இடத்தில் அதே மாதிரி நிற்கும். லீவரின் தலையிலும் மீட்டரிலும் எழுத்து ஒளிரும், அவ்வளவுதான். வீட்டு வாசலில் அவசரமாக இறங்கும்போது யார் எழுத்தைப் பார்க்கிறார்கள்? பல வருடப் பழக்கத்தில் கை 'முன்னால் தள்ளியாயிற்று, பார்க்தான்' என்று முடிவு செய்துவிடும்.

உலகம் முழுவதும் சுமார் 11 லட்சம் வண்டிகளை 2016 ஏப்ரலில் திரும்ப அழைத்தார்கள். சரிசெய்வதற்கான மென்பொருள் எல்லா வண்டிக்கும் போய்ச் சேரும் முன்பே, ஜூன் 19 அன்று நடிகர் ஆன்டன் யெல்ச்சின் லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டுச் சரிவில் 2015 கிராண்ட் செரோக்கீ உருண்டு வந்து நசுக்கியதில் இறந்துபோனார். அவருக்கு வயது 27. கதவைத் திறந்தால் தானாகப் பார்க்குக்குப் போகும்படி மென்பொருளை மாற்றினார்கள். அந்தப் பாதுகாப்பு முதல் நாளே இருந்திருக்க வேண்டும். லீவரின் வடிவத்தை வைத்துக்கொண்டு அதன் நடத்தையை மாற்றினால், மனிதர்களின் கைப்பழக்கம் அவர்களுக்கே எதிராகத் திரும்பிவிடும்.

கியர் வரிசையில் ஒரு விதி எப்படி வந்தது என்பதையும் இங்கே நினைக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியரில் லோவுக்கு அடுத்த இடத்தில் ரிவர்ஸ் இருந்தது. லோ போடப் போய் ரிவர்ஸில் விழுவது சுலபம். முன்னோக்குக் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே நியூட்ரல் இருந்தே தீர வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதி 1968-ல் அமலுக்கு வந்தது. ஃபோர் வீல் டிரைவ் நிலைகளுக்கும் 2எச், 4எச், 4எல் என்ற வரிசையைக் குலைக்கக் கூடாது. தொழில்நுட்பம் எதுவானாலும் இதை மட்டும் மாற்றாதீர்கள்.

டச் ஸ்கிரீன்

இதில் நீளமாகப் பேச எதுவும் இல்லை. டெஸ்லா 2021-ல் மாடல் எஸ், மாடல் எக்ஸ் இரண்டிலும் கியர் தண்டை எடுத்துவிட்டுத் திரையில் விரலால் இழுக்கும் முறையைக் கொண்டுவந்தது. திரை வேலை செய்யாவிட்டால் பயன்படுத்த வேறொரு இடத்தில் தொடு பட்டன்களும் உண்டு. வழுவழுப்பான ரோட்டில், வண்டி நிற்கும்போது அது நடக்கும். ஸ்வீடனின் வி பிலாகரே பத்திரிகை 2022-ல், 110 கி.மீ. வேகத்தில் நான்கு சாதாரண வேலைகளைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பார்த்தது. பட்டன்கள் நிறைந்த 2005 வால்வோ வி70-யில் 10 நொடி. திரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆரில் 44.6 நொடி. அது ஒரு விமானத் தளத்தின் சமமான தரையில். பள்ளத்திலும் மேட்டிலும் உடம்பே குலுங்கும்போது, சேறு ஒட்டிய விரலோடு, வெயில் பட்டுப் பளபளக்கும் கண்ணாடியில் 4எல்லைத் தேடச் சொல்வது நியாயமில்லை.

திரைக்கு ஒரு நல்ல வேலை உண்டு: விளக்கிச் சொல்வது. எந்தச் சக்கரத்துக்கு இழுவை போகிறது, எந்தப் பூட்டு விழுந்திருக்கிறது, வண்டி எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று காட்டட்டும். மாற்றுவதை அதனிடம் விட வேண்டாம்.

தரையைக் கேட்கும் நாப்

லேண்ட் ரோவர் 2004-ல் டிஸ்கவரி 3-ல் டெரெய்ன் ரெஸ்பான்ஸ் என்ற நாபைக் கொண்டுவந்தது. சாதாரண ரோடு, புல்-சரளை-பனி, சேறும் தடமும், மணல், பாறை என்று ஐந்து நிலைகள். டிரைவரிடம் "எந்தப் பாகத்தைப் பூட்ட வேண்டும்?" என்று கேட்காமல் "எதன் மேல் போகிறாய்?" என்று கேட்டது. பதிலைப் பொறுத்து ஆக்சிலரேட்டர், கியர், டிஃபரன்ஷியல், பிரேக் கட்டுப்பாடு எல்லாவற்றையும் வண்டியே அமைத்துக்கொள்ளும். டிஃபரன்ஷியல் என்றால் என்ன என்று தெரியாத பலருக்கு இது பெரிய உதவி. அதிலும் எனக்குப் பிடித்தது, லோ ரேஞ்சுக்குத் தனி ஸ்விட்ச்சை விட்டுவைத்தார்கள் என்பது. மணல் முறைக்குப் பதில் சேற்று முறை போட்டால் வண்டி கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான். லோ ரேஞ்சைத் தப்பாகப் போட்டால் விலை அதிகம். இரண்டையும் ஒரே நாபுக்குள் கலக்காமல் விட்டது தெளிந்த யோசனை.

சரி, எதை எடுப்பது? காட்டுக்கும் மலைக்கும் போகவென்றே வாங்கும் பார்ட் டைம் வண்டி என்றால் லீவரே வைக்கலாம். கன்சோல் இடத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் அந்த வண்டியை வாங்கப் போவதில்லை. அதோடு ஒரு சென்சாரும் வைத்து, லீவர் பாதியில் நின்றால் மீட்டரில் எச்சரிக்கை வரட்டும். ஊருக்குள் குடும்பத்தோடு ஓட்டி வருடத்தில் சில முறை மட்டும் சேற்றில் இறங்கும் பெரிய எஸ்யூவிக்கு, நின்ற இடத்தில் நிற்கும் நாப். 4எல்லுக்கு அழுத்தித் திருகும் தடை. நான் மேலே சொன்ன காலாவதி விதி. எந்நேரமும் நான்கு சக்கரத்திலும் ஓடும் சொகுசு வண்டிக்குத் தரையைக் கேட்கும் நாபும் தனி லோ ரேஞ்ச் ஸ்விட்ச்சும். பணம் குறைவு என்பதற்காகத் திரைக்குள் தள்ளாதீர்கள். திருகு ஸ்விட்ச் ஒன்றும் விலை உயர்ந்த பொருள் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையத்திலும் நம் ஊர் மற்ற கார் ஆலைகளிலும் இந்த வேலையில் இருக்கும் இளம் பொறியாளர்கள் நிறைய. முன்மாதிரியை ஏசி அறையில் வைத்துப் பார்க்காமல், கண்ணைக் கட்டிய ஒருவரைக் குலுங்கும் இருக்கையில் உட்காரவைத்து, வண்டி எதில் இருக்கிறது என்று தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் வரைபடத்துக்குத் திரும்புங்கள்.

எந்தக் கைப்பிடியை எடுத்தாலும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வண்டியைக் கட்டி இழுப்பதற்கென்று இருக்கும் நிலை அது. அதில் விட்டால் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இருக்காது. கியரைப் பார்க்கில் போட்டிருந்தாலும் சரிவில் வண்டி உருளும். கிராண்ட் செரோக்கீயின் சில மாடல்களில் இந்த நியூட்ரலைப் பேனா முனையால் அழுத்த வேண்டிய குழிப் பட்டனாக வைத்திருக்கிறார்கள். தேடிப் போய் அழுத்தினால் மட்டுமே கிடைக்கும், தவறிப் பட வாய்ப்பில்லை. 4எச்சுக்கும் 4எல்லுக்கும் நடுவில் நியூட்ரல் வரும் லீவராக இருந்தால், அங்கே நிற்கும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கதவைத் திறந்த உடனே காதைத் துளைக்கும் சத்தம் வர வேண்டும். அதற்குத் தேவை ஒரு சென்சாரும் சின்ன பஸ்ஸரும்தான்.